பிஸ்கட் டின்னுக்குள் இருந்த கணிதப் பிரிவு

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு பேக்கரியில் அமர்ந்து, முட்டை ரோல்ஸ் ஒன்றைக் கையில் எடுத்திருந்தேன். வெளியே மழை. சீருடை அணிந்த மாணவி ஒருத்தி உள்ளே வந்தாள். குடையை மடக்கினாள். என்னைப் பார்த்தாள். மீண்டும் ஒருமுறை பார்த்தாள்.

மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்த இரண்டாவது பார்வை மிக நன்றாகத் தெரியும். முதல் பார்வைக்கு ‘எங்கேயோ கண்ட முகம்’ என்று பொருள். இரண்டாவது பார்வைக்கு ‘ஆம், அவரேதான்’ என்று பொருள். நான் ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். விரல்களைத் துடைத்தேன். முதுகை நிமிர்த்தினேன். கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வது என்று சட்டைப் பையில் பேனாவைத் தொட்டும் பார்த்துக்கொண்டேன்.

“அண்ணா, எங்க ஸ்கூலுக்கு வந்து பேசுனது நீங்கதானே?”

“ஆமா தங்கச்சி” என்றேன், அடக்கமாக. அந்த அடக்கத்தையும் நான் ஒத்திகை பார்த்தே வைத்திருக்கிறேன்.

“நீங்க பேசுனதக் கேட்டுத்தான் நான் மெத்ஸ் எடுத்தேன்.”

வாசகர்களே, என் வெற்றிகளை இந்தப் பத்தியில் எழுதுவதற்கு நான் ஒருபோதும் தயங்கியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் இந்த வாரப் பத்தி முழுவதும் என் மனதுக்குள் எழுதப்பட்டு முடிந்துவிட்டது. ‘ஒரு சொல் ஒரு வாழ்வை மாற்றும்’ என்று தலைப்பைக்கூட யோசித்துவிட்டேன்.

அவள் அத்துடன் நிறுத்தியிருந்தால் அந்தப் பத்திதான் இன்று உங்கள் கையில் இருந்திருக்கும்.

“அஞ்சு பேரு எடுத்தோம்ணா. இப்ப நாலு பேரு மாறிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கேன்.”

அவள் பெயர் தர்ஷினி. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்த பின்னர், பாடத் தெரிவுக்கு வழிகாட்டுமாறு அவளுடைய பாடசாலை அதிபர் என்னை அழைத்திருந்தார். கணிதம் எடுங்கள், விஞ்ஞானம் எடுங்கள் என்று முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு வந்தேன். வகுப்புத் தொடங்கி ஒரு மாதமாகிறது. இருவர் ஹட்டன் நகரப் பாடசாலையொன்றின் வர்த்தகப் பிரிவுக்குப் போய்விட்டார்கள். இருவர் அதே பாடசாலையிலேயே கலைப் பிரிவுக்கு மாறிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்காக மூன்று ஆசிரியர்களின் நேரசூசியை ஒதுக்க முடியாது என்று அதிபர் சொல்லியிருக்கிறார். குறைந்தது மூன்று பேராவது வேண்டும். வெள்ளிக்கிழமை வரை அவகாசம். இல்லாவிட்டால் தர்ஷினியும் கலைப் பிரிவுக்குப் போகவேண்டும்.

வேறு பாடசாலைக்குப் போகலாமே என்று கேட்டேன். கேட்டுப் பார்த்தாகிவிட்டதாம். நகரத்தில் கணிதப் பிரிவில் இடம் நிரம்பிவிட்டது. அப்படியே கிடைத்தாலும், அவள் வசிக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலையில் முதல் பஸ் புறப்படுகிற நேரத்தில் நகரத்தில் முதல் பாடம் பாதி முடிந்திருக்கும்.

“சரி, மெத்ஸ்தான் வேணும்னு ஏன் இவ்வளவு பிடிவாதம்?” — என் பேச்சின் எந்த வரி அவளை அப்படித் தைத்தது என்று அறிகிற ஆவல் எனக்கு.

அவள் என் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போன வருடம் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில், வீடு கட்டுவதற்காகக் காணி அளந்தார்களாம். முக்காலி வைத்து, அதன்மேல் ஒரு கருவி வைத்து, கோலை அங்கே பிடி, இங்கே பிடி என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கோலைப் பிடித்தது தர்ஷினி. “அம்மா அவங்ககிட்ட, எங்க வாசல் எந்தப் பக்கம் வரும்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுண்ணா. நான்தான் எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல கேட்டுச் சொன்னேன். நம்ம ஆளு ஒரு சர்வேயர் இருந்தா, அம்மா நேராவே கேட்டிருக்கும்ல?”

என் பேச்சில் நில அளவையாளர் என்ற சொல்லே வரவில்லை. விண்வெளி வந்தது. அணு வந்தது. செயற்கை நுண்ணறிவு இரண்டு முறை வந்தது. வாசல் எந்தப் பக்கம் வரும் என்ற கேள்வி எந்த இடத்திலும் வரவில்லை.

ஆயினும் நான் நாவலன் அல்லவா? எழுந்து நின்றேன். வலது கையை உயர்த்தினேன். வெள்ளிக்கிழமைக்கு முன் இருவரை மீட்டுத் தருவது என் பொறுப்பு என்று அறிவித்தேன். அறிவித்தேன் என்பதுதான் சரியான சொல் — பேக்கரி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கல்லாவில் இருந்த பேக்கரி முதலாளி நானா கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “தம்பி, மெதுவாச் சொன்னாலே அந்தப் புள்ளைக்குக் கேக்கும். பக்கத்துலதான் நிக்குது.”

ஓர் உண்மையை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பாடசாலையில் முக்கால் மணி நேரம் பேசியபோது, ஒரு சிறிய தகவலை நான் விட்டுவிட்டேன். மறந்து விட்டதல்ல. மிகுந்த கவனத்தோடு விட்டது. நான் ஏ.எல். எனப்படும் உயர்தரத்தில் என்ன படித்தேன், என்ன வாங்கினேன் என்பதுதான் அந்தத் தகவல்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த மாதங்களில் ஒரு விவாதப் போட்டி நடந்தது. ‘மலையக மாணவரை உயர்த்துவது விஞ்ஞானக் கல்வியா, கலைக் கல்வியா?’ விவாதப் போட்டிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை, சீட்டுத்தான் தீர்மானிக்கும். காலியான பிஸ்கட் டின் ஒன்றில் இரண்டு சீட்டுகளை மடித்துப் போட்டுக் குலுக்கினார்கள். கலை வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். தமிழ்தான் எனக்கு உயிர். கணக்கில் எனக்கு எப்போதும் ஒரு மரியாதையான இடைவெளி இருந்தது.

சீட்டைப் பிரித்தேன். விஞ்ஞானம்.

விவாதி என்பவன் கிடைத்த பக்கத்தைத் தன் பிறவிக் கொள்கையாக்கிக்கொள்ள வேண்டியவன். பேசினேன். எதிரணி ஆடிப்போனது. கிண்ணம் கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது தோட்டத்தில் மாலை போட்டார்கள். பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்களாம். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் எங்கள் கண்டாக்கு ஐயா அப்பாவிடம், மேடையில் அப்படிப் பேசிய பிள்ளை இனி ஆர்ட்ஸ் படிக்கவா போகும் என்று கேட்டாராம். அப்பா அதே கேள்வியை என்னிடம் கேட்டார்.

நான் என்ன சொல்வது? ஒரு மண்டபம் நிறைந்த மக்கள் முன்னால், கலைக் கல்வியைத் தேர்ந்தெடுப்பவன் காலத்தின் ஓட்டத்தைக் காணாதவன் என்று நானே சொல்லியிருந்தேன். என் வாதத்துக்கு மறுப்புச் சொல்லக்கூடிய ஆள் எங்கள் தோட்டத்தில் யாரும் இல்லை. எனக்குள்ளும் இல்லை.

கணிதப் பிரிவில் சேர்ந்தேன். பிஸ்கட் டின் எனக்குப் பாடம் தெரிவு செய்து கொடுத்தது.

அன்று கலைக் கல்விக்காக வாதாடித் தோற்ற நண்பர் இன்று பொறியியலாளர். தோற்றவருக்குத் தன் பேச்சை நம்பவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை. பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிற நேரம். தர்ஷினியின் தோட்டத்துக்குப் போனேன். கலைப் பிரிவுக்கு மாறிய இருவரும் — நிரோஷன், சுகந்தி — அவளுடைய லயத்திலேயே இருந்தார்கள். பஸ்ஸை விட்டிறங்கி மேலே நடக்கும்போதே பேச்சை அமைத்துக்கொண்டேன். உருக்கமான தொடக்கம், மூன்று வாதங்கள், எழுச்சியான முடிவு. மூன்றாவது வாதத்தை அமைத்துக்கொண்டிருந்தபோது சேற்றில் வழுக்கி விழுந்தேன். அதற்குப் பின்னும் வாதம் அப்படியே நினைவிருந்தது என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

நிரோஷனின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். நான் அமரவில்லை. அமர்ந்து பேசினால் எனக்குக் குரல் வராது. நின்றே பேசத் தொடங்கினேன். நிரோஷனும் சுகந்தியும் மர வாங்கில் உட்கார்ந்தார்கள். தர்ஷினி சுவரோரம் நின்றாள். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பிறகு அதற்குப் பக்கத்து வீடு. பிறகு லயம் முழுவதும். ஒருவர் அலைபேசியை உயர்த்திப் பதிவு செய்தார். கூட்டத்தைக் கண்டதும் என் குரல் தானாகவே ஏறியது. என் கணுக்காலில் இரத்தம் குடிக்கும் அட்டை ஒன்று ஏறியிருந்தது எனக்குத் தெரியவில்லை. அதுவும் கடைசிவரை என்னை விட்டுப் போகவில்லை.

பேச்சை முடித்தபோது கைதட்டல் எழுந்தது. லயத்துக் கூரைத் தகரங்களில் எதிரொலித்தது.

நிரோஷனின் அம்மா ராஜேஸ்வரி அக்கா, கொழுந்துக் கூடையை இன்னும் வாசலில் சாய்த்து வைத்தபடியே, டீயை நீட்டினார். “நல்லா பேசுறீங்க தம்பி. எங்க கோயில் திருவிழாவுக்கும் ஒருவாட்டி வாங்க.”

“கட்டாயம் அக்கா. அப்ப நாளைக்கு நிரோஷன் மெத்ஸ் வகுப்புக்குப் போவான்தானே?”

“அதெல்லாம் வேணாம் தம்பி. டீ ஆறுது, குடிங்க.”

இருபத்தைந்து நிமிடம், மூன்று வாதங்கள், ஒரு எழுச்சியான முடிவு — எல்லாம் அந்த டீக்குள் கரைந்து போயின.

ஏன் வேண்டாம் என்று கேட்டேன். ராஜேஸ்வரி அக்கா ஒளிக்கவில்லை. நிரோஷனுக்குக் கணக்கு வரும். பிசிக்ஸ் ஆசிரியர் நுவரெலியாவிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் பிள்ளைகள் தாங்களாகவே படிக்கவேண்டும். பெயிலாகிவிட்டால்? வருடங்கள் போய்விடும். அதைவிட — இந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார் — லயத்தில் ஒரு வீட்டில் பப்படம் பொரித்தால் கடைசி வீடுவரை தெரியும். பிள்ளை பெயில் என்றால் தெரியாதா? நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் பயந்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபத்தைந்து நிமிடம் அவன் எதிரிலேயே நின்று பேசியிருக்கிறேன். அவன் முகத்தை ஒருமுறையும் பார்த்திருக்கவில்லை. மேடையில் நாங்கள் கடைசி வரிசைக்குமேல் பார்வையை நிறுத்திப் பேசப் பழகியவர்கள்.

அப்போதுதான் தர்ஷினி கேட்டாள்.

“அண்ணா, நீங்க ஏ.எல்.ல என்ன எடுத்தீங்க?”

குத்தலாகக் கேட்கவில்லை. அறிய விரும்பிக் கேட்டாள்.

வாசகர்களே, பேச்சாளன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று விநாடி நிறுத்துவான். அந்த மூன்று விநாடியில் யாரும் எழுந்து பதில் சொல்லமாட்டார்கள் என்பது எங்கள் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. இவளும் கேட்டுவிட்டு நிறுத்தினாள். மூன்று விநாடி கடந்தது. ஐந்து, பத்து... அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எனக்குக் குரல் வராது என்றேனே — உண்மையில் மெதுவாகத்தான் வந்தது.

பிஸ்கட் டின் கதையைச் சொன்னேன். கணிதப் பிரிவில் சேர்ந்ததைச் சொன்னேன். கணக்குப் போட்டுப் பழகாமல், விடைகளின் படிமுறைகளைப் பேச்சைப்போல மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். பௌதிகவியல் வகுப்புப் பரீட்சையில், சாய்தளத்தில் வழுக்கும் ஒரு பெட்டியின் ஆர்முடுகலை, அதாவது அதன் வேகம் கூடும் வீதத்தை, கேட்டிருந்தார்கள். நான் எழுதிய விடை இப்படித் தொடங்கியது: ‘இயக்கமே உலகின் இயல்பு. அசையாதிருப்பது எதுவும் இவ்வுலகில் உண்டோ?’ ஒரு பக்கம் முன்னுரை. ஒரு பந்தி முடிவுரை. நடுவில் பெட்டி வழுக்கவே இல்லை. ஆசிரியர் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார் — ‘விடை எங்கே?’

“கடைசியில என்ன வந்துச்சு?” என்றார் ராஜேஸ்வரி அக்கா.

“பிசிக்ஸ் எஃப் அக்கா.”

“எஃப்னா?” என்று பின்னாலிருந்து யாரோ ஒரு சிறுமி கேட்டாள். “பெயிலுடி” என்று இன்னொரு குரல் விளக்கம் சொன்னது. சற்றுமுன் எனக்குக் கைதட்டிய அதே கூட்டம். அலைபேசிக்காரர் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தார்.

ராஜேஸ்வரி அக்கா தன் டீயைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து குந்தினார். கூட்டத்தில் முதல்முறையாக ஒருவருக்கு என் பேச்சில் உண்மையான ஆர்வம் வந்திருந்தது.

“பெயிலாகி என்ன செஞ்சீங்க?”

“ஒரு மாசம் வீட்ட விட்டு வெளிய வரல.”

“ஊர்ல பேசுனாங்களா?”

“பேசுனாங்க. மாலை போட்டவங்கதான் ரொம்பப் பேசுனாங்க. பிறகு பக்கத்துத் தோட்டத்துல ஒரு கல்யாணம் நின்னு போச்சு. அதப் பத்திப் பேசப் போயிட்டாங்க.”

“ஒங்க அம்மா?”

“ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு முன்னால வச்சாங்க. சாப்புட்டேன். பிறகு ஆர்ட்ஸ் எடுத்துத் திரும்ப எழுதுனேன். கெம்பஸ்ல படிக்க எடம் கெடைச்சிச்சு.”

அவர் சேறு படிந்த காற்சட்டையையும், அட்டை கடித்து இரத்தம் வழிந்த காலையும், மேடைக்கென்றே தைத்த என் சட்டையையும் பார்த்தார்.

“அவ்வளவுதானா?” என்றார்.

எத்தனையோ எதிரணிகளைச் சந்தித்திருக்கிறேன். இத்தனை வலிமையான ஒற்றைச் சொல் வாதத்தை நான் எங்கும் கேட்டதில்லை. உள்ளூர எத்தனையோ காலமாக நான் பூட்டி வைத்திருந்த அவமானத்தை, அவர் ரொட்டியைப் புரட்டுவதுபோலப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

அப்போதுதான் நிரோஷன் தலையை நிமிர்த்தினான். “அண்ணா, பிசிக்ஸ் பேப்பர்ல நெசமாவே முன்னுரை எழுதுனீங்களா?”

“எழுதுனேன் தம்பி.”

“முடிவுரையும்?”

“முடிவுரையும்.”

அவன் சுகந்தியைப் பார்த்தான். இருவரும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார்கள். “அப்ப நான் பரவால்ல போல” என்றான். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன் — கொஞ்சம் பிந்தித்தான்.

ராஜேஸ்வரி அக்கா எழுந்து கூடையைத் தூக்கினார். உள்ளே போகும்போதே மகனிடம் சொன்னார்: “நாளைக்குப் போ. பெயிலானா ஆகிட்டுப் போவுது, திரும்ப எழுதிக்கலாம். முன்னுரை கின்னுரை மட்டும் எழுதித் தொலைச்சிராத.”

சுகந்தியின் வீட்டில் நான் பேசவேண்டிய தேவையே எழவில்லை. “அவன் வந்தா நானும் வாரேண்ணா. கெமிஸ்ட்ரி புஸ்தகம் அவன்கிட்டத்தான் இருக்கு” என்றாள். அவளுடைய அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி என்று தலையை மட்டும் அசைத்தார். ஒரு புத்தகம் ஒரு வகுப்பைக் காப்பாற்றும் என்று நான் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பேன்? இந்தப் பொருளில் ஒருநாளும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் அதிபரின் அறைக்குப் போனார்கள். நானும் போயிருந்தேன் — தேவைப்பட்டால் சில வார்த்தைகள் பேசலாம் என்று. தேவைப்படவில்லை. அதிபர் மூன்று தலைகளை எண்ணினார். நேரசூசியை எடுத்தார். கணித வகுப்பு நடக்கும் என்றார். பௌதிகவியல் ஆசிரியர் இன்னும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். மழை பெய்தால் அதுவும் சந்தேகம். எதுவும் பெரிதாக மாறிவிடவில்லை; தர்ஷினிக்கு உட்கார ஒரு வகுப்பறை இருக்கிறது, அவ்வளவுதான். வெளியே வந்ததும் மூவரும் ஒரு கணக்குக் கொப்பியைச் சுற்றிக் குனிந்துகொண்டார்கள். நான் விடைபெற்றதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. மிகப் பண்போடு கையசைத்துவிட்டு வந்தேன் — சுவருக்கு.

வாசல்வரை வந்த அதிபர், அடுத்த தொகுதி மாணவர்களுக்கும் நான் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உள்ளம் குளிர்ந்தது. பேச்சின் தலைப்பு என்னவாக இருக்கலாம் என்று கேட்டேன்.

“பேச்செல்லாம் வேணாம் தம்பி. ஒங்க ரிசல்ட் ஷீட்ட மட்டும் கொண்டு வாங்க. அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு” என்றார்.

பாடத் தெரிவைப் பற்றி எனக்கு இப்போது ஒரு கருத்து இருக்கிறது. முன்பைவிடச் சிறிய கருத்து. எந்தப் பாடம் உயர்ந்தது என்று பிள்ளைகளிடம் நாங்கள் முழங்குகிறோம். அவர்கள் கேட்க விரும்புவதோ வேறு: விழுந்தால் எவ்வளவு வலிக்கும்? அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் விழுந்தவர்கள் மட்டும்தான். நாங்களோ வாழ்த்துரை, வரவேற்புரை, சிறப்புரை என்று எல்லா உரையும் ஆற்றுகிறோம் — விழுந்த கதையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். காணி அளக்கப் போகிறவளுக்கு அணுவைப் பற்றிச் சொன்ன நேரத்தில், அந்தச் சாய்தளத்தையும் பெட்டியையும் பற்றிச் சொல்லியிருந்தால் ஐந்து பேரும் தங்கியிருப்பார்களோ என்னவோ.

பெறுபேற்றுப் பத்திரத்தைத் தேடி எடுத்து லெமினேட் செய்து வைத்திருக்கிறேன். அதைச் செய்யும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அன்று லயத்தில் நான் ஒப்புக்கொண்டது பௌதிகவியலை மட்டும். அதற்கு நேர் மேலே உள்ள வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பெருமை என்பது அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை, வாசகர்களே. தர்ஷினி இந்தப் பத்தியை வாசிப்பாள் என்பதால் இப்போது சொல்லிவிடுகிறேன் — இணைந்த கணிதத்திலும் எஃப்தான்.

வகுப்பு மூடப்போகிற பாடசாலை வேறு ஏதாவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். என்னுடைய இரண்டாவது எஃப் இன்னும் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாமல் அப்படியே இருக்கிறது.